நாளொன்றுக்கு ஒரு தாள்

சிமெண்ட் கிடங்கில் அவரை எல்லோரும் 'முற்றுப்புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்றாம் வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். புள்ளி வந்தால் நிற்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புள்ளி வந்தால் நிற்பார். மூச்சு விடுவார். படித்தது உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவார். மூட்டையின் மேல் அச்சடித்திருக்கும் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்பதை அவர் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் நாலு மூட்டை இறக்கியிருப்பார்கள்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்க்கிறவன். முப்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே இரத்தம் சரியாக உறையாத நோய். கால் லேசாக இடித்துக்கொண்டால்கூட முட்டிக்குள் இரத்தம் கட்டி, தலையணை மாதிரி வீங்கிவிடும். அப்புறம் பத்து நாள் படுக்கைதான். இந்த வருடம் மூன்று முறை படுத்துவிட்டான். இடது முட்டி இனிமேல் முழுசாக மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மாதத் தொடக்கத்தில் ஒருநாள், வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இதுக்கு மரபணுச் சிகிச்சைன்னு ஒண்ணைச் சோதனை பண்ணிப் பார்க்கிறாங்களாம். ஒரே ஊசி. சோதனைதான், மருந்துன்னு நினைச்சுடாதீங்க. ஆள் சேர்க்கிறது இந்த மாசக் கடைசியோட முடியுதுன்னு கேள்விப்பட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியல. அதுக்குன்னே ஒரு தகவல் மையம் கட்டி வெச்சிருக்காங்களே, அங்க போய்க் கேளுங்க. எல்லாருக்கும் சொல்லணும்னு சட்டமே இருக்கு."

முதலில் மச்சான் படுத்துக்கொண்டே மையத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தான். 'மரபணுச் சிகிச்சைச் சோதனை' என்று தட்டியதும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முடிவுகள் வந்தன. முதல் முந்நூறையும் பொறுமையாகப் பார்த்தான். எல்லாம் துணை இயக்குநர் குத்துவிளக்கு ஏற்றுகிற படம், நாடா வெட்டுகிற படம், இன்னொரு துணை இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம்.

"மாமா, இந்த ஆளுக்கு ஒண்ணும் வியாதி இருக்கிற மாதிரி தெரியல. நல்லா கொழுகொழுன்னு இருக்கான்," என்றான் மச்சான்.

"சிரிச்சது போதும்டா. மாமாவை நேர்ல போகச் சொல்லு," என்றாள் அக்காக்காரி.

முற்றுப்புள்ளி கிடங்கில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தகவல் மையம் ஏழு மாடிக் கட்டடம். சுவர், கதவு, படிக்கட்டின் கைப்பிடி எல்லாமே கண்ணாடி. முற்றுப்புள்ளி உள்ளே போவதாக நினைத்துக்கொண்டு நேராகப் போய் நெற்றியை இடித்துக்கொண்டார். காவலாளி அவசரப்படாமல் எழுந்து வந்து, பக்கத்திலிருந்த இன்னொரு கண்ணாடியைத் திறந்துவிட்டார்.

"வலிக்குதா? தினமும் ஏழெட்டுப் பேர் இடிச்சுக்கிறாங்க. வெளிப்படையா இருக்கணும்னு கட்டினது. 'இது கண்ணாடி'ன்னு ஒரு தாள் ஒட்டி வெச்சிருந்தோம். கண்ணாடியை மறைக்குதுன்னு மேலருந்து ஆர்டர் போட்டு எடுத்துட்டாங்க."

வரவேற்பில் இருந்த அம்மாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எந்தச் சோதனை?"

"இரத்தம் உறையாத நோய்க்குங்கம்மா. எந்த ஆஸ்பத்திரியில நடக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

"பதினேழு இலக்கப் பதிவு எண் சொல்லுங்க."

"அது எங்கம்மா கிடைக்கும்?"

"பட்டியல்ல இருக்கும்."

"பட்டியலைக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

"பதிவு எண் சொன்னா காட்டுவோம்."

முற்றுப்புள்ளி மூச்சு விட்டு யோசித்தார். இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கம் சரிகிற மூட்டை இது. அவர் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"எண் இல்லாதவங்களுக்கும் வழி வெச்சிருக்கோம்யா. நாலாவது மாடியில இப்போ பயிலரங்கு நடக்குது. தகவல் பெறுவது எப்படின்னு. அதுல உட்கார்ந்துட்டு வாங்க."

பயிலரங்கில் அறுபது நாற்காலி போட்டிருந்தது. ஐம்பத்தி ஆறில் மையத்தின் ஊழியர்களே உட்கார்ந்திருந்தார்கள். துணை இயக்குநர் மேடையேறினார். இணையதளத்தில் பார்த்ததைவிடக் கொழுகொழுவென்று இருந்தார்.

"நண்பர்களே! தகவல் என்பது நெருப்பு. விவரம் தெரியாதவன் கையில் கொடுத்தால் சுட்டுவிடும். பொதுமக்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு அக்கறை இருந்தால், அந்த நெருப்பை ஏழு மாடி கட்டிப் பூட்டிப் பாதுகாப்போம்! சென்ற ஆண்டு இந்தக் கட்டடத்திலிருந்து ஒரே ஒரு தகவல்கூட வெளியே போகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். (கைதட்டல்.) வெளிப்படைத்தன்மைக்கான முதல் பரிசு தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக நமக்கே கிடைத்திருக்கிறது. பரிசுக் குழுவின் தலைவர் நான்தான் என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்.) யாருக்காவது சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமையில் பதில் சொல்லிக் குறுக்கிடுவது எங்கள் வழக்கமல்ல."

மூன்று மணி நேரம் போனது. கடைசியில் ஆளுக்கு ஒரு சான்றிதழும், அறுபத்து நாலு பக்கத்தில் 'எளிய வழிகாட்டி' என்று ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். சான்றிதழில் தங்க எழுத்தில் 'இவர் தகவல் பெற்றவர்' என்று இருந்தது. முற்றுப்புள்ளி மகிழ்ச்சியோடு அதை எடுத்துக்கொண்டு வரவேற்புக்கு இறங்கி வந்தார்.

அந்த அம்மாள் சான்றிதழின் எண்ணைத் தட்டினாள். முகம் மாறியது.

"உங்களுக்கு எதுவும் தர முடியாதுங்களே. தகவல் பெற்றாச்சுன்னு காட்டுது."

"என்ன தகவல்மா பெற்றேன்?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும். ஒருத்தருக்கு ஒரு தடவைதான். நீங்க கையெழுத்தே போட்டிருக்கீங்க, பாருங்க."

இருந்தது. வருகைப் பதிவேடு என்று நீட்டியதில் போட்ட கையெழுத்து. வாழ்க்கையில் அவர் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். பின்னால் நாலு பேர் தள்ளியதால் வந்த வினை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சான் வலியையும் மறந்து சிரித்தான். "சூப்பர் மாமா! போகும்போது ஒண்ணும் தெரியாதவரா போனீங்க. திரும்பி வரும்போது ஒண்ணும் தெரியாததுக்குச் சான்றிதழோட வந்திருக்கீங்க."

"மாசம் முடிய இன்னும் பதினாறு நாள்தான் இருக்குடா," என்றாள் அக்கா. அவன் சிரிப்பு நின்றது.

பெற்ற தகவலை ரத்து செய்யவும் வழி இருந்தது. மூன்றாவது மாடியில் அறியாமைத் தேர்வு எழுத வேண்டும். எதுவும் தெரியாது என்று குழு ஏற்றுக்கொண்டால், மறுபடியும் முதலிலிருந்து கேட்கலாம். தேர்வுக்கு ஒன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். முற்றுப்புள்ளி அன்றும் அரை நாள் விடுப்பு எடுத்தார்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார். "மரபணுச் சிகிச்சை என்றால் என்ன?"

முற்றுப்புள்ளிக்குப் பொய் சொல்ல வராது. பதினைந்து வருடமாக டாக்டர்கள் வாயிலிருந்து கேட்டதையும், புது ஊசியைப் பற்றி மச்சான் படித்துச் சொன்னதையும் சேர்த்து, கிடங்கு ஆட்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

"சிமெண்ட் இருக்கு, மணல் இருக்கு, தண்ணி இருக்குங்க. ஆனா கலவை போடுற கூட்டத்துல ஒரு ஆள் மட்டும் பிறந்ததுலருந்தே வேலைக்கு வரல. அதனால கலவை கெட்டியாகாம ஓடிட்டே இருக்கு. இதுவரைக்கும் என்ன பண்றோம்? வாரா வாரம் வெளியிலருந்து கூலிக்கு ஆள் அனுப்புறோம். அதுதான் இப்போ போடுற ஊசி. புதுச் சிகிச்சையில, ஒரு கிருமியைப் பிடிச்சு அதோட விஷத்தையெல்லாம் இறக்கிட்டு, வெறும் வண்டியா ஆக்குறாங்க. அதுல அந்த வராத ஆளோட வேலையை எப்படிச் செய்யணும்னு எழுதின சீட்டை ஏத்தி உள்ள அனுப்புறாங்க. உள்ள இருக்கிறவங்க சீட்டைப் பார்த்து அந்த வேலையைத் தாங்களே செய்ய ஆரம்பிச்சுட்டா, அப்புறம் வெளி ஆள் வேண்டாம். வண்டியை உடம்பு கேட்டுலயே மறிச்சுடுச்சுன்னா காரியம் கெட்டுடும்."

மூன்று பேரும் பேனாவைத் திறந்து வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினொரு வருஷமா இங்க இருக்கேன். எனக்கு இதை யாரும் இப்படிச் சொன்னதில்ல. வண்டி... சீட்டு... அடடா! துணை இயக்குநரோட அடுத்த பேச்சுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும்."

"அப்போ எனக்குத் தகவல் கிடைக்குங்களா?"

"அது எப்படிய்யா கிடைக்கும்? நீங்க பெயில். இவ்வளவு தெரிஞ்சவருக்கு அறியாமைச் சான்று கொடுத்தா நாளைக்கு எங்களை யாராவது கேள்வி கேட்பாங்க."

ஏழு நாள் மிச்சம் இருந்தது. முற்றுப்புள்ளியிடம் இருந்ததெல்லாம் அந்த எளிய வழிகாட்டி ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே அதைக் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஐந்து பக்கத்துக்கு மேல் ஒரு நாளில் போகாது. முதல் இருபது பக்கம் வாழ்த்துரை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மூடி வைத்திருப்பார்கள். அவருக்குத் தாண்டிப் படிக்கத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தேர்வு முடிந்த மூன்றாம் நாள் ஐம்பத்தி ஏழாம் பக்கத்துக்கு வந்தார். எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்து. 'பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்று கீழ்த்தளத்தில் எப்போதும் திறந்த நிலையில் வைக்கப்பட வேண்டும். எவரும் விண்ணப்பம் இன்றி அதைப் பார்வையிடலாம்.'

புள்ளி வந்தது. நின்றார். மூச்சு விட்டார். இன்னொரு முறை படித்தார்.

"என்னய்யா, புள்ளியிலயே தூங்கிட்டியா?" என்று கத்தினார் மேஸ்திரி.

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து மிச்சமிருந்த ஏழு பக்கத்தையும் முடித்தார். பாதியில் விட்டுப் போக மனசு வரவில்லை. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாதக் கடைசிக்கு முதல் நாள் மச்சானையும் அழைத்துக்கொண்டு போனார். அவன் ஊன்றுகோலோடு ஆட்டோவிலிருந்து இறங்கினான். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால், யாரும் போகாத மூலையில், அது இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் தடியான புத்தகம். சட்டப்படி திறந்த நிலையில். பெட்டிக்குப் பூட்டு. அதன் முன்னால் தரையில் ஒருவர் நிற்கிற அளவுக்கு ஒரு வட்டம் வரைந்திருந்தது. திறந்திருந்தது நூற்றுப் பன்னிரண்டாம் தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வழி தவறி வந்துட்டீங்களா? கழிப்பறை அந்தப் பக்கம்."

"இதைப் பார்க்கத்தாங்க வந்தோம்."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் இங்க தாள் புரட்டும் அலுவலர். பத்தொன்பது வருஷமா தினமும் பதினொரு மணிக்கு ஒரு தாள் புரட்டுறேன். இதைப் பார்க்கணும்னு வந்த முதல் ஆள் நீங்கதான். உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

வழிகாட்டியின் பின்னிணைப்பில் எந்த நோய் எந்தத் தாளில் என்று இருந்தது. இரத்தம் உறையாமை, நூற்றுப் பத்தொன்பது.

"ஏழு தாள்தாங்க. கொஞ்சம் தள்ளிவிட்டீங்கன்னா..."

"ஐயோ, நாளொன்றுக்கு ஒரு தாள்தான். இன்னிக்குப் புரட்டியாச்சு. ஏழு வேலை நாள் கழிச்சு வாங்க."

"நாளைக்கே முடியுதுங்க," என்றான் மச்சான். அவன் குரலில் அன்று கேலி இல்லை.

முற்றுப்புள்ளி பெட்டியோடு நூலில் கட்டித் தொங்கிய நோட்டைப் பார்த்தார். என்றைக்கு எந்தத் தாள் புரட்டப்பட்டது என்கிற கணக்கு அது. எண்கள் அவருக்கு எழுத்துக்கு முன்னாலேயே பழக்கம். மூட்டை எண்ணிய பழக்கம். விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார்.

"இந்த மாசம் நடுவுல எட்டு நாள் காணலையேங்க?"

"அது எனக்கு முதுகுவலி. மருத்துவ விடுப்பு."

"அறுபத்து ஒண்ணாம் பக்கத்துல இருக்குதுங்க. விடுப்பு நாட்கள்ல புரட்டாம விட்ட தாள்களை, பார்வையாளர் யாராவது சுட்டிக்காட்டினா, அந்த நேரமே சேர்த்துப் புரட்டணும்னு."

பெரியவர் துணை இயக்குநருக்கு ஃபோன் போட்டார். துணை இயக்குநர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். வழிகாட்டியை வாங்கிப் பார்த்தார்.

"யாருய்யா இதை எழுதினது?"

"கீழ உங்க கையெழுத்துங்க," என்றார் முற்றுப்புள்ளி.

"என் கையெழுத்து இருந்தா நான் படிச்சேன்னு அர்த்தமா? படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறதா இருந்தா இந்த மையம் ஒரு நாள் நடக்குமா?" வழிகாட்டியை மறுபடி பார்த்தார். விதி விதியாகத்தான் இருந்தது. "சரி, புரட்டுங்க. எட்டையும் புரட்டுங்க. ஒண்ணு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. நடுவுல நிறுத்தவும் கூடாது. வட்டத்துக்குள்ள ஒருத்தர்தான் நிக்கணும். படம் எடுக்கக் கூடாது."

அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. "மாமா! எட்டு புரட்டினா நூத்தி இருபதுல போய் நிக்கும். நம்மளது நூத்திப் பத்தொன்பது. அது தாண்டிப் போயிடும். நீங்க எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள... நான் நிக்கிறேன், நகருங்க." எழுந்தான். முட்டி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்தான். வட்டத்துக்குள் நாற்காலி போட அனுமதி இல்லை.

முற்றுப்புள்ளி வட்டத்துக்குள் போய் நின்றார்.

பெரியவர் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினார். பெட்டியைத் திறந்தார். கையுறையைச் சரி செய்தார். தாளின் ஓரத்தைத் தூசு துடைத்தார். புரட்டினார். பிறகு நோட்டை எடுத்து நேரம் எழுதினார். தாளின் எண் எழுதினார். தாளின் உடல்நிலை என்கிற கட்டத்தில் 'நலம்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். மை காய்கிறவரை ஊதினார். துணை இயக்குநர் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது.

அடுத்த தாளுக்கும் ஆறு நிமிடம். அதற்கடுத்ததுக்கும் ஆறு. துணை இயக்குநர் காலை மாற்றி மாற்றி நின்றார். முற்றுப்புள்ளிக்கு மெல்ல மெல்ல மூச்சு சீராயிற்று. இந்தக் கட்டடத்துக்குள் வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவரும் மையமும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

நூற்றுப் பத்தொன்பது விரிந்தது.

"இ... ரத்... தம்," என்று ஆரம்பித்தார். ஒரு வரியையும் விடவில்லை. நோயின் பெயர். வயது பதினெட்டு முதல் அறுபது வரை. எத்தனை பேர் வேண்டும். யார் சேர முடியாது. ஒவ்வொரு புள்ளியிலும் நின்றார். மச்சான் நகத்தைக் கடித்தான். பெரியவர் நேரம் எழுதி, எண் எழுதி, 'நலம்' எழுதி, ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். இன்னும் மூன்று வரி மிச்சம் இருப்பது தெரிந்தது. கையெழுத்துப் போட்டவர், பத்தொன்பது வருடமாகப் போடாத ஒரு சுழியை அதில் சேர்த்தார். முத்திரைக்கு மை போதாது என்று புட்டியைத் தேடினார்.

"தொடர்புக்கு," என்றார் முற்றுப்புள்ளி. அதற்கப்புறம் எண்கள். எண்களை மட்டும் அவர் கடகடவென்று சொன்னார். மச்சான் செல்போனில் தட்டிக்கொண்டே வந்தான். கடைசி இலக்கத்தோடு மை காய்ந்தது. நூற்று இருபதாம் தாள் விரிந்தது.

"திருப்தியா?" என்றார் துணை இயக்குநர். "பார்த்தீங்களா, எங்ககிட்ட எதுவும் மறைவு கிடையாது."

மச்சான் அங்கேயே அந்த எண்ணுக்கு ஃபோன் போட்டான். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல். மச்சான் ஒலிபெருக்கியில் போட்டான்.

"நிஜமாவே அடிச்சுதா? எட்டு மாசமா இந்த ஃபோன் அடிக்கவே இல்ல. நான் இந்தச் சோதனையோட டாக்டர். பன்னிரண்டு பேர் வேணும். மூணு பேர்தான் வந்திருக்காங்க. உங்களுக்கு என்ன வயசு?"

மச்சான் சொன்னான். அவள் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள். இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். எந்த மாடி, எந்த அறை, என்னென்ன பழைய சீட்டுகள் எடுத்து வர வேண்டும் என்று சொன்னாள். எல்லாம் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

"ஏம்மா, நீங்களே நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றார் முற்றுப்புள்ளி.

"சொல்லக் கூடாதுங்க. தகவல் கொடுக்கிறதுக்குத்தான் மையம் இருக்கே."

"படிவம் ஏதாவது வேணுமாம்மா? சான்றிதழ்?"

"ஒண்ணும் வேண்டாம். ஆள் வந்தா போதும். முதல்ல இரத்தம் எடுத்துப் பார்ப்போம். மருந்தைச் சுமந்து போற கிருமிக்கு எதிர்ப்பு உடம்புல ஏற்கெனவே இருந்தா சேர்க்க முடியாது. சேர்ந்தாலும் எப்போ வேணா விலகிக்கலாம்."

மச்சான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டான். "மாமா, எனக்கு நம்பிக்கை இல்ல. இவ்வளவு சுலபமா சொல்றாங்கன்னா ஏதோ ஏமாத்து வேலை. உண்மையான ஆபீஸா இருந்தா இப்படிப் பேசுவாங்களா?"

முற்றுப்புள்ளி அவன் கையை விலக்கிவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேம்மா. இது பலிக்குமா?"

"தெரியாதுங்க," என்றாள் அவள். "தெரிஞ்சா சோதனையே வேண்டாமே. சிலருக்குப் பலிச்சிருக்கு. எத்தனை வருஷம் நிக்கும்னு தெரியாது. உங்க தம்பிக்கு எப்படின்னும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் பார்க்கிறோம்."

முற்றுப்புள்ளி நிமிர்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நிஜமான டாக்டர்தான் மாப்ள," என்றார். "இந்த ஏழு மாடியில எத்தனை பேர்கிட்ட நின்னேன்! தெரியாதுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?"

மச்சான் ஊன்றுகோலைத் தேடி எடுத்தான். ஃபோனில் அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வர்றோம் டாக்டர்," என்றான் அவன்.